குவாண்டம் கம்ப்யூட்டர் செய்திகளில் சொல்லப்படாத எண்: கியூபிட்டைக் கெடுக்கும் 'இரைச்சல்' என்றால் என்ன?

2024 ஆகஸ்டில் 6 கியூபிட். 2025 ஏப்ரலில் 25 கியூபிட். அடுத்த மாதமே அமராவதிக்கு 156 கியூபிட் என்ற அறிவிப்பு. இந்தியாவின் குவாண்டம் கம்ப்யூட்டர் செய்திகளைப் பின்தொடர்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் கண்ணில் படுவது இந்த ஒரு எண்தான். மெகாபிக்சலைப் பார்த்து போன் வாங்கிய காலம் மாதிரி, கியூபிட் கூடினால் கம்ப்யூட்டரின் திறனும் கூடிவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் முதலில் கேட்பது வேறு கேள்வி. ஒரு கியூபிட் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது? ஆயிரம் முறை இயக்கினால் எத்தனை முறை தப்பு செய்கிறது? இந்த இரண்டுக்குமான பதில் 'இரைச்சல்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியிருக்கிறது. குவாண்டம் கம்ப்யூட்டர் எப்போது பயன்பாட்டுக்கு வரும், இன்றைய வங்கிக் கடவுச்சொற்களையும் ஆதார் தகவல்களையும் காக்கும் பூட்டு எத்தனை வருஷம் தாங்கும், அரசு ஒதுக்கிய ரூ.6,003.65 கோடி என்ன பலன் தரும் என எல்லாமே இந்த இரைச்சலைப் பொறுத்தே முடிவாகும்.

இரைச்சல் என்றால் சத்தமா?

இல்லை. எலக்ட்ரானிக்ஸில் இரைச்சல் என்றால், நாம் கேட்காமலேயே சர்க்யூட்டில் நடக்கும் ஏற்ற இறக்கங்கள். 1928இல் பெல் ஆய்வகத்தின் ஜான் ஜான்சன் ஒரு விஷயத்தை அளந்து காட்டினார். எந்தப் பேட்டரியோடும் இணைக்காமல் சும்மா கிடக்கும் மின்தடையிலும்கூட மின்னழுத்தம் துளித்துளியாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வெப்பத்தால் உள்ளே எலக்ட்ரான்கள் நிலைகொள்ளாமல் அலைவதே காரணம். அதே ஆண்டு ஹாரி நைக்விஸ்ட் அதற்கான கணக்கைக் கொடுத்தார்.

பெரிய சர்க்யூட்டில் இது பிரச்சினையே இல்லை. கோடிக்கணக்கான எலக்ட்ரான்கள் ஓடும் கம்பியில் நாலு எலக்ட்ரான் தடம் மாறினால் யாருக்கும் தெரியாது. ஆனால் அளவு நானோமீட்டருக்கு இறங்கும்போது கதை மாறுகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவிலான டிரான்சிஸ்டரில், ஆக்சைடு அடுக்கில் உள்ள ஒரே ஒரு குறைபாட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான் மாட்டி விடுபட்டாலும் மின்னோட்டம் படிப்படியாகத் தாவுவதை அளக்க முடியும்.

இன்றைய போன் சிப் இதைச் சமாளித்துவிடும். அதற்குத் தேவை 0 அல்லது 1, அவ்வளவுதான். மின்னழுத்தம் கொஞ்சம் ஆடினாலும் '1'ஐ '1' என்றே அது படித்துக்கொள்ளும். குவாண்டம் சிப்புக்கு இந்தச் சலுகை கிடையாது.

குவாண்டம் நிலை ஏன் இவ்வளவு எளிதில் கெடுகிறது?

கியூபிட் ஒரே நேரத்தில் 0, 1 இரண்டின் கலவையாகவும் இருக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கலவையில் எது எவ்வளவு என்பதோடு, இரண்டுக்கும் இடையிலான 'கட்டம்' என்ற ஒத்திசைவும் முக்கியம். கணக்கீட்டின் பலமே அந்த ஒத்திசைவில்தான் இருக்கிறது. தவறான விடைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சரியான விடை மேலே வருவதற்கு அதுதான் வழி செய்கிறது.

ஒரு கச்சேரியை நினைத்துப் பாருங்கள். பாடகர் பாட்டையே நிறுத்திவிடுவது ஒரு வகைக் கோளாறு. பாடிக்கிட்டே இருக்கிறார், ஆனால் தாளம் தப்பிவிட்டது என்பது இன்னொரு வகை. கியூபிட்டுக்கும் இப்படி இரண்டு உண்டு. 1 என்ற உயர் ஆற்றல் நிலையில் இருந்து ஆற்றலை இழந்து 0க்கு விழுந்துவிடுவது முதல் வகை. ஆற்றல் அப்படியே இருக்க, கட்டம் மட்டும் பிசகுவது இரண்டாவது வகை. இரண்டாவதுக்குத் தேவையான தூண்டுதல் மிகச் சிறியது. பக்கத்தில் ஒரு மின்னூட்டமோ காந்தப்புலமோ லேசாக அசைந்தாலே போதும்.

இன்னும் ஆழமாகப் பார்த்தால், சுற்றுச்சூழல் கியூபிட்டோடு தொடர்பு கொள்ளும் ஒவ்வொரு முறையும் கியூபிட்டின் நிலை பற்றிய ஏதோ ஒரு தகவல் வெளியே கசிகிறது. அப்படிக் கசிந்ததும் கலவை நிலை கலைந்து, அது சாதாரண 0 அல்லது 1 மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கிறது. 1970இல் ஜெர்மன் இயற்பியலாளர் டீட்டர் ஸே முன்வைத்த இந்த யோசனைதான் இன்று 'டிகோஹெரன்ஸ்' என்ற பெயரில் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நாம் பார்க்கும் மேசை, நாற்காலி எல்லாம் ஏன் குவாண்டம் விந்தைகளைக் காட்டுவதில்லை என்ற கேள்விக்கும் பெரும்பகுதி விடை இதுதான்.

இரைச்சல் எங்கிருந்தெல்லாம் வருகிறது?

முதல் எதிரி வெப்பம். சூப்பர்கண்டக்டிங் கியூபிட் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அருகே இயங்குகிறது. அந்த ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் சுமார் 0.24 கெல்வின். நாம் இருக்கும் அறை ஏறக்குறைய 300 கெல்வின். அதாவது கியூபிட்டின் மொத்த ஆற்றலைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் அறையின் வெப்ப இரைச்சல் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சிப்களை 0.01 முதல் 0.02 கெல்வின் வரை குளிரூட்டுகிறார்கள். விண்வெளியின் பின்னணி வெப்பநிலையே 2.7 கெல்வின். படங்களில் தங்க நிறச் சரவிளக்கு மாதிரி தொங்குவது கம்ப்யூட்டர் இல்லை; பெரும்பாலும் அந்தக் குளிரூட்டியின் உட்பகுதிதான் அது.

இரண்டாவது, பொருளிலேயே உள்ள குறைபாடுகள். சிப்பின் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு அடுக்கில் சில அணுக்கள் இரண்டு இடங்களுக்கு இடையே தாவிக்கொண்டே இருக்கும். கியூபிட்டின் ஆற்றலை அவை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு குளிரூட்டினாலும் இவை போகாது. பொருளையும் தயாரிப்பு முறையையும் மாற்றினால்தான் உண்டு.

மூன்றாவது, அணுக்கருக்களின் காந்தத்தன்மை. சிலிக்கானில் எலக்ட்ரானின் சுழலைக் கியூபிட்டாகப் பயன்படுத்துபவர்களுக்கு இது பெரிய தலைவலி. இயற்கையான சிலிக்கானில் சுமார் 4.7 சதவீதம் சிலிக்கான்-29. அதன் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். அதை நீக்கி, சிலிக்கான்-28 மட்டும் இருக்கும் பொருளைத் தயாரித்தபோது கியூபிட்டின் ஆயுள் பல மடங்கு கூடியது. சுற்றியிருப்பவர்கள் அமைதியானால் வேலை ஓடும்தானே!

நான்காவது, நாமே அனுப்பும் கம்பிகள். கியூபிட்டை இயக்க மைக்ரோவேவ் சிக்னல் அனுப்ப வேண்டும். அதே கம்பி வழியாக அறை வெப்பநிலையின் இரைச்சலும் இறங்கி வரும்.

ஐந்தாவது, வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள். பின்னணிக் கதிர்வீச்சு மட்டுமே கியூபிட்டின் ஆயுளைச் சுமார் 4 மில்லி செகண்டுக்குள் நிறுத்திவிடும் என்று 2020இல் எம்ஐடி ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அப்போது அது தூரத்துப் பிரச்சினை. 2025இல் பிரின்ஸ்டன் குழு டான்டலம் உலோகத்தில் செய்த கியூபிட்டின் ஆயுள் 1 மில்லி செகண்டைத் தாண்டியது. அந்தத் தூரத்துப் பிரச்சினை இப்போது வாசலுக்கு வந்துவிட்டது.

ஈயத் தகடு சில கதிர்களைத் தடுக்கும். ஆனால் மியூவான் என்ற துகள் அதையும் துளைத்துக்கொண்டு போகும். அதைக் குறைக்க நிலத்துக்கு அடியில்தான் போக வேண்டும். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்தை மலைக்கு அடியில் அமைக்கத் திட்டமிட்டதன் அறிவியல் காரணமும் இதே வடிகட்டல்தான். இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருக்கும் ஆய்வகத்தில் கியூபிட்களை வைத்தே சோதனை நடத்தியிருக்கிறார்கள்.

நோபல் பரிசுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2025ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்டினிஸ் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. 1984, 85இல் அமெரிக்காவின் பெர்க்லியில் அவர்கள் செய்த சோதனைக்கான பரிசு அது. கையில் பிடிக்கும் அளவிலான ஒரு மின்சுற்றும் குவாண்டம் விதிப்படி 'சுவரைத் துளைத்துப்' போகும் என்று அவர்கள் நிரூபித்தார்கள்.

இங்கே சுவாரசியமானது அவர்கள் இரைச்சலைக் கையாண்ட விதம். சுற்றைக் குளிரூட்டிக்கொண்டே போனால், வெப்பத்தால் சுவரைத் தாண்டும் நிகழ்வுகள் குறைந்துகொண்டே வர வேண்டும். ஆனால் ஒரு கட்டத்துக்குக் கீழே குறைவது நின்றுவிட்டது. குளிரைச் சார்ந்திராத இந்தத் தாண்டல்தான் குவாண்டம் துளைத்தல். ஆனால் ஒரு சந்தேகம் எழும்: கம்பி வழியாக வெளியிலிருந்து வந்த இரைச்சல்கூட இதே மாதிரி ஏமாற்றியிருக்கலாமே?

அதனால் அவர்கள் கம்பிகளில் சிறப்பு வடிகட்டிகளைப் பொருத்தினார்கள். பிறகு அதே சுற்றைக் குவாண்டம் விளைவு தெரியாத நிலைக்கு மாற்றி, அப்போது அது வெப்பநிலையை ஒழுங்காகப் பின்தொடர்கிறதா என்று சரிபார்த்தார்கள். பின்தொடர்ந்தது. ஆக, முதலில் பார்த்தது இரைச்சல் இல்லை, நிஜமான குவாண்டம் விளைவு. இரைச்சலை எதிரியாக மட்டும் பார்க்காமல் சந்தேகிக்க வேண்டிய சாட்சியாகவும் பார்த்த அந்த ஒழுக்கம் இன்றைக்கும் தேவைப்படுகிறது.

ஏன் என்றால் எதிர் உதாரணமும் இருக்கிறது. இயல்பிலேயே இரைச்சல் தொடாத 'மயோரானா' நிலையை நானோகம்பியில் கண்டதாக 2018இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை, தரவுகளைக் கையாண்டதில் குறை இருந்ததால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. பொருளில் உள்ள ஒழுங்கின்மையே அதே மாதிரியான சிக்னலைத் தரக்கூடும் என்று பிறர் காட்டியிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் இதே வழியில் 'மயோரானா 1' சிப்பை அறிவித்தபோதும், கூடவே வெளியான கட்டுரை அந்த நிலை இருப்பதற்கான சான்று ஆகாது என்று நேச்சரின் மதிப்பாய்வுக் குறிப்பு தெளிவாகச் சொன்னது.

99.9 சதவீதம் சரி என்றால் போதாதா?

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு செயலும் 99.9 சதவீதம் சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் செயல்கள் வரிசையாக நடந்தால், ஒன்றுகூடத் தப்பாமல் முடிய வாய்ப்பு சுமார் 37 சதவீதம். ஐயாயிரம் செயல்கள் என்றால் 1 சதவீதத்துக்கும் கீழே. இதே துல்லியம் 99 சதவீதமாக இருந்தால், ஆயிரம் செயல்களிலேயே வாய்ப்பு ஒரு லட்சத்தில் நான்குதான்.

50 கியூபிட்டை வைத்து ஆளுக்கு 20 செயல் செய்தாலே ஆயிரம் ஆகிவிடும். பயனுள்ள வேதியியல் கணக்குகளுக்குத் தேவைப்படுவதோ கோடிக்கணக்கான செயல்கள். அப்படின்னா 99 சதவீதத் துல்லியத்தில் இயங்கும் 1,000 கியூபிட் சிப்பை விட, 99.9 சதவீதத்தில் இயங்கும் 100 கியூபிட் சிப் பல வேலைகளுக்கு மேல். மெகாபிக்சல் ஒப்பீடு இங்கேதான் உடைகிறது.

இரைச்சலை வெல்ல என்ன செய்கிறார்கள்?

மூன்று வழிகள். ஒன்று, கியூபிட்டின் வடிவத்தையே மாற்றுவது. 1999இல் ஜப்பானின் என்இசி ஆய்வகத்தில் நாகமுரா குழு செய்த முதல் சூப்பர்கண்டக்டிங் கியூபிட் சில நானோ செகண்ட்தான் தாங்கியது. 2007இல் யேல் பல்கலைக்கழகத்தில் உருவான 'டிரான்ஸ்மான்' என்ற வடிவம் மின்னூட்ட இரைச்சலுக்குக் கிட்டத்தட்டக் காது கேளாததுபோல நடந்துகொள்ளும். இன்று கூகுள், ஐபிஎம் இரண்டும் பயன்படுத்துவது இதன் வழித்தோன்றல்களைத்தான்.

இரண்டு, இரைச்சலைத் திருப்பிவிடுவது. 1950இல் எர்வின் ஹான் கண்டுபிடித்த 'ஸ்பின் எக்கோ' உத்தி இதற்கு அடிப்படை. பாதி நேரம் கழித்துக் கியூபிட்டைத் தலைகீழாகத் திருப்பினால், முதல் பாதியில் சேர்ந்த பிசகை இரண்டாம் பாதி கழித்துவிடும். மெதுவாக மாறும் இரைச்சலுக்கு இது நன்றாக வேலை செய்யும். வேகமாக மாறுவதற்கு உதவாது.

மூன்று, பிழை திருத்தம். பல கியூபிட்களைச் சேர்த்து ஒரே 'தர்க்கக் கியூபிட்' ஆக்கி, தப்பு நடந்ததும் கண்டுபிடித்துச் சரிசெய்வது. இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொரு கியூபிட்டின் பிழையும் ஒரு எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் முறையில் அது சுமார் 1 சதவீதம். எல்லைக்கு மேலே இருந்தால் கியூபிட்டைச் சேர்க்கச் சேர்க்கப் பிழையும் கூடும்.

2024 டிசம்பரில் கூகுள் தனது 105 கியூபிட் 'வில்லோ' சிப்பில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிக் காட்டியது. தொகுப்பை ஒவ்வொரு படி பெரிதாக்கும்போதும் பிழை பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் விலையைப் பாருங்கள்: 101 கியூபிட் சேர்ந்து ஒரே ஒரு தர்க்கக் கியூபிட். அதன் பிழையும் ஒரு சுற்றுக்கு 0.143 சதவீதம்.

அதே ஆய்வில் இன்னொரு எச்சரிக்கையும் இருந்தது. வேறொரு எளிய சோதனையில், ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை பல கியூபிட்கள் ஒரே நேரத்தில் கெட்டுப்போயின. தப்புகள் தனித்தனியாக நடக்கும் என்பதுதான் பிழை திருத்தத்தின் அடிப்படை அனுமானம். எல்லாம் சேர்ந்து கெட்டால், யாரைக் கேட்டு யாரைத் திருத்துவது?

இரைச்சல் எப்போதுமே எதிரியா?

இல்லை. மேடு பள்ளமான பாதையில் ஆற்றல் நகரும்போது, குவாண்டம் அலைகள் தங்களுக்குள்ளேயே மோதி ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளலாம். அப்போது அளவான இரைச்சல் அந்தச் சிக்கலை விடுவித்து ஓட்டத்தை வேகப்படுத்தும் என்று 2008 வாக்கில் கோட்பாட்டாளர்கள் காட்டினார்கள். புனலில் சிக்கிய அரிசி லேசாகத் தட்டினால் இறங்குவது மாதிரி. தட்டல் மிதமிஞ்சினால் ஓட்டம் மறுபடி மந்தமாகிவிடும்.

இன்னொரு பயன், சென்சார். சுற்றுப்புறத்தின் சின்ன அசைவுக்கும் கியூபிட் கெடுகிறது என்றால், அது மிக நுட்பமான அளவுகருவி என்றும் சொல்லலாம் இல்லையா? வைரத்தில் உள்ள ஒருவகைக் குறைபாட்டை வைத்து அறை வெப்பநிலையிலேயே நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு முன்பே நம் கைக்கு வரக்கூடிய குவாண்டம் தொழில்நுட்பம் இதுவாக இருக்கலாம்.

இந்தியா எங்கே நிற்கிறது?

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் இலக்கு, 8 ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் வரையிலான கம்ப்யூட்டர்கள். நான்கு மையங்கள் அமைக்கப்பட்டன: கம்ப்யூட்டிங்குக்கு பெங்களூரு ஐஐஎஸ்சி, தகவல் தொடர்புக்கு சி-டாட் உடன் சென்னை ஐஐடி, சென்சார்களுக்கு மும்பை ஐஐடி, பொருள்கள் மற்றும் சாதனங்களுக்கு டெல்லி ஐஐடி.

முதலில் சொன்ன 6 கியூபிட் சிப் மும்பை டிஐஎஃப்ஆர், டிஆர்டிஓவின் புனே ஆய்வகம், டிசிஎஸ் மூன்றும் சேர்ந்த முயற்சி. 25 கியூபிட், பெங்களூருவின் கியூபிஐ-ஏஐ நிறுவனத்துடையது. அமராவதிக்கு அறிவிக்கப்பட்ட 156 கியூபிட், ஐபிஎம்மின் சிப். மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து '6லிருந்து 156க்கு முன்னேற்றம்' என்று படிப்பது சரியில்லை. உள்ளூரில் செய்த 6 கியூபிட் கற்றுத் தருவதை, வாங்கி நிறுவிய 156 கியூபிட் கற்றுத் தராது. மறுபக்கம், நிஜமான இயந்திரத்தில் நிரல் எழுதிப் பழக 156 கியூபிட் தேவை. இரண்டுக்கும் தேவை இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

'50 முதல் 1,000' என்ற இலக்கின் சிக்கலும் இதுதான். எண்ணிக்கையை மட்டும் வைத்து இலக்கை எட்டிவிட்டதாக அறிவிக்க முடியும். ஆனால் இரைச்சலைக் குறைப்பது குளிரூட்டி, தூய பொருள், கிளீன்ரூம், மைக்ரோவேவ் பாகங்கள் என நீண்ட வேலை. அதில் ரிப்பன் வெட்டும் தருணங்கள் குறைவு. டெல்லி மையத்தின் வேலை செய்தியாகாமல் போகலாம். மற்ற மூன்றின் வெற்றியும் அதில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு அறிவிப்பு வரும்போது மூன்று எண்களைத் தேடுங்கள்: கியூபிட்டின் சராசரி ஆயுள், இரண்டு கியூபிட் சேர்ந்த செயலின் பிழை விகிதம், தர்க்கக் கியூபிட்டின் எண்ணிக்கை. மூன்றும் இல்லாத அறிவிப்பை, மைலேஜ் சொல்லாத பைக் விளம்பரமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு என்ன?

இன்று இணையத்தில் பரவலாக இருக்கும் ஆர்எஸ்ஏ-2048 பூட்டை உடைக்க 2 கோடி கியூபிட் வேண்டும் என்று 2019இல் ஒரு மதிப்பீடு சொன்னது. 2025 மே மாதம் கூகுளின் கிரெய்க் கிட்னி அதைப் பத்து லட்சத்துக்கும் கீழே இறக்கினார். கியூபிட் தேவை குறைந்தது கணக்கு முறையின் முன்னேற்றத்தால். இரண்டு மதிப்பீடுமே ஆயிரத்தில் ஒன்று என்ற அதே பிழை விகிதத்தை எடுத்துக்கொண்டவை. பத்து லட்சம் கியூபிட்டும் அந்தத் துல்லியத்தில் நாள்கணக்கில் சேர்ந்து இயங்க வேண்டும் என்பதால், இரைச்சல்தான் இப்போதைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

அந்த அவகாசத்தை நம்பிச் சும்மா இருக்க முடியாது. இன்றைக்குத் திருடிச் சேமித்த தகவலைப் பத்து வருஷம் கழித்துத் திறக்கலாம். மருத்துவப் பதிவுகள், அடையாள ஆவணங்கள் எல்லாம் பத்து வருஷத்தில் காலாவதி ஆவதில்லை. குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் புதிய குறியாக்கத் தரநிலைகளை அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்டிலேயே வெளியிட்டுவிட்டது. நீங்கள் வங்கி, காப்பீடு, மருத்துவத் துறைகளுக்கு மென்பொருள் எழுதுபவராக இருந்தால், உங்கள் சிஸ்டத்தில் எங்கெல்லாம் பழைய பூட்டு இருக்கிறது என்று பட்டியல் எடுப்பது இந்த வருஷத்து வேலை.

வேலைவாய்ப்பு பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 'குவாண்டம் கோர்ஸ்' விளம்பரங்கள் பெரும்பாலும் நிரல் எழுதுவதைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் இரைச்சலோடு நடக்கும் சண்டைக்குத் தேவைப்படுபவர்கள் மைக்ரோவேவ் தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர்கள், குளிரூட்டல் தெரிந்த மெக்கானிக்கல் ஆட்கள், மெல்லிய உலோகப் படலங்களைத் தூய்மையாகப் படியவைக்கத் தெரிந்த பொருளறிவியல் பட்டதாரிகள், பிழைகளை மைக்ரோ செகண்டுக்குள் கண்டுபிடிக்கும் ஹார்ட்வேர் எழுதுபவர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் ஏற்கெனவே பயிற்றுவிக்கும் பாடங்கள்தான் இவை. சேர வேண்டியது, அதை எந்தப் பிரச்சினைக்குப் பயன்படுத்துவது என்ற தெளிவு மட்டும்.